கோரேகான் கல்தூணும் அதிற் பொறித்த பெயர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் போர்வீரர் நினைவுச் சின்னத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை யாது என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். பள்ளிக்கூடம் வேறு, பாசறை வேறு என்பது பொதுவான எண்ணம். நம் மக்களின் வரலாற்றில் இவ்விரண்டும் அவ்வளவு தொலைவில் இருந்தவை அல்ல. ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நம்மவர் பெயரை எழுத மறுத்த காலத்தில், படைப்பிரிவின் சம்பளப் பட்டியலில் அப்பெயரை எழுதினார்கள். எழுதியவர்கள் நம்மீது கொண்ட அன்பினால் எழுதவில்லை. ஆள் தேவைப்பட்டதால் எழுதினார்கள். ஆயினும் எழுதினார்கள். அவ்வாறு எழுதப்பட்ட பெயர்கள் சில கல்லிலும் ஏறின. அக்கல்லைப் பற்றியே நாம் இன்று பேச விழைகிறோம்.

மேலைநாடுகளிற் பயணம் செய்தோர் ஒன்றைக் கண்டிருப்பர். பிரான்சு நாட்டில் எவ்வளவு சிறிய ஊராயினும், ஊர் நடுவே, மாதா கோவிலுக்கு அருகிலோ நகர மன்றத்தின் எதிரிலோ, 1914 - 1918 போரில் இறந்தோருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கும். ஏறத்தாழ 35,000 ஊராட்சிகளில் அது இல்லாத ஊர் மிகச் சில. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிற்கும் வீரனின் சிலை ஒன்று, அதன் கீழே பெயர்கள். பல ஊர்களில் அப்பெயர்கள் பதவி வரிசையில் இல்லை, அகர வரிசையில் இருக்கின்றன. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் முதலெழுத்தின்படி அடுத்தடுத்து நிற்கிறார்கள். இறந்த பிறகாவது இது வாய்த்ததே என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் சுடுகாட்டுக்கும் இரண்டு வழி உண்டு.

நாம் சொல்லவரும் சின்னத்திற் சிலை கிடையாது. அது கருங்கல்லால் எழுந்த ஒரு நாற்பட்டைத் தூண். மராட்டிய மாநிலத்தில் புனே நகருக்கு வடகிழக்கே, அகமத்நகர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பீமா ஆற்றின் கரையில் நிற்கிறது. ஆற்றின் மறுகரையில் உள்ளது கோரேகான் என்னும் சிற்றூர். தூணின் உயரம் ஏறத்தாழ 65 அடி. சதுரமான கல்மேடையின்மீது, மேலே செல்லச் செல்லக் குறுகி நிற்கிறது. பக்கங்களில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் கல்வெட்டுகள் உள்ளன. 1821-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் எழுப்பியது.

எழுப்பிய காரணம் 1818-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அங்கு நடந்த சண்டை. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவுக்கும் கம்பெனிக்கும் நடந்த கடைசிப் போரின் ஒரு பகுதி அது. புனேயில் இருந்த கம்பெனிப் படைக்கு உதவியாக, சிரூர் முகாமிலிருந்து காப்டன் ஸ்டாண்டன் என்பவர் தலைமையில் ஒரு சிறுபடை டிசம்பர் 31 இரவில் புறப்பட்டது. பம்பாய்க் காலாட்படையின் முதல் ரெஜிமெண்டைச் சேர்ந்த இரண்டாவது பட்டாளத்தார் ஏறத்தாழ 500 பேர். குதிரைவீரர் 250-க்கு மேல். இரண்டு சிறு பீரங்கிகள். அவற்றை இயக்கச் சென்னைப் பீரங்கிப் படையினர் 24 பேர். (சென்னை என்றதும் நம்மவர் என்று மகிழ வேண்டா, அந்தப் பீரங்கிக்காரர்கள் ஐரோப்பியர்.) இரவு முழுதும் நடந்து காலையில் பீமாக் கரையை அடைந்தவர்கள், எதிர்க்கரையிற் கண்டது பேஷ்வாவின் முழுப் படையை. பின்வாங்க வழியில்லை. மண்சுவர் சூழ்ந்த கோரேகான் ஊருக்குள் புகுந்துகொண்டார்கள்.

பகல் முழுதும் சண்டை. இரவெல்லாம் நடந்து வந்த களைப்பு, உணவில்லை, ஆறு கண்ணெதிரே ஓடியும் குடிக்கத் தண்ணீரில்லை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. பீரங்கிப் படையின் அதிகாரி சிஷோம் கொல்லப்பட்டார். ஒரு பீரங்கி பறிபோய்ப் பின் மீட்கப்பட்டது. இரவு 9 மணி அளவில் துப்பாக்கி ஓசை ஓய்ந்தது. தளபதி ஸ்மித்தின் பெரும்படை வருகிறது என்ற செய்தியால் பேஷ்வா விலகிச் சென்றார். கம்பெனியின் பக்கம் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 275 பேர் அளவில். அதாவது வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு. சில மாதங்களில், 1818 ஜூனில், பேஷ்வா சரணடைந்தார். மராட்டியப் பேரரசு முடிந்தது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். கல்வெட்டில் இறந்த சிப்பாய்களாக 49 பெயர்கள் உள்ளன. அவற்றுள் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அக்காலத்தில் மராட்டிய நாட்டில் அந்த ஈறு மகர் வகுப்பாரின் பெயர்களுக்கு உரியது. மகர் என்போர் ஊருக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்டவர்கள். ஊர் எல்லை காத்தவர்கள். ஓலை கொண்டு ஓடியவர்கள். செத்த மாட்டை இழுத்தவர்கள். நம் சேரிகளில் வாழ்ந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரத்தில் தீண்டத்தகாதவர் தம் காலடித் தடத்தைத் தாமே பெருக்கிச் செல்ல இடுப்பில் துடைப்பமும், எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதியுள்ளார். அந்த மக்களின் 22 பெயர்கள் தந்தை பெயரும் சாதி அடைமொழியும் கேட்டு யாரும் விலக்காமல், மராத்தரின் பெயர்களோடும் ராஜபுத்திரரின் பெயர்களோடும் முஸ்லிம்களின் பெயர்களோடும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேச வேண்டும். மேடைகளிற் சிலர், '500 மகர்கள் 28,000 பேஷ்வாப் படையினரைத் தோற்கடித்தார்கள்' என்று முழங்குகிறார்கள். அந்த 500 பேரும் மகர்கள் அல்லர். கல்வெட்டே அதற்குச் சான்று. பேஷ்வாவின் படை 20,000-க்கு மேற்பட்டது என்பது உண்மையாயினும், ஆற்றைக் கடந்துவந்து ஊருக்குள் போரிட்டவர்கள் 2,000 பேர் அளவினரே. அவர்களிலும் அராபியர் கணிசமானவர். அதைச் சாதிப் போர் என்று அன்று களத்தில் நின்ற எவரும் எண்ணியிருப்பாரா என்பது ஐயமே. மிகைப்படுத்திச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், நம்மை மறுப்பார் கையில் நாமே கொடுக்கும் கோலாகும். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும்: ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கத் தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன், ஒரு பகல் முழுதும் நீரின்றி நின்றான், ஓடவில்லை.

மற்றொரு கேள்வியும் உண்டு. அந்நியக் கம்பெனிக்காகப் போரிட்டவர்களைப் போற்றலாமா என்பது. கேட்பவர் நேர்மையாகவே கேட்கிறார் என்று கொள்வோம். கம்பெனியார் அத்தூணை நம் பெருமைக்காக எழுப்பவில்லை. தங்கள் வெற்றியைக் கொண்டாட எழுப்பினார்கள். கிழக்கில் பிரிட்டிஷ் படை அடைந்த பெருமிதமான வெற்றிகளுள் ஒன்று என்ற பொருளில்தான் அதில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் 1818-இல் 'நாடு' என்பது யாருடையது? கழுத்தில் கலயம் கட்டி நடக்கச் சொன்ன அரசு எந்த வகையில் அவனுடைய அரசாகும்? மாதச் சம்பளமும் சீருடையும் தன் பெயருக்குரிய எண்ணும் கொடுத்த படையில் அவன் சேர்ந்தான். அந்தப் படையிலேயே உயர்சாதியாரும் இருந்தனர். அவர்களை நோக்கி இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

அச்சம்பளத்தோடு கிடைத்த இன்னொன்று இருக்கிறது. கல்விச் சங்கத்தாராகிய நாம் மறக்கக் கூடாதது. கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கட்டாயமாக்கப்பட்டிருந்தது என்றும், ஆண் பெண் இருபாலார்க்கும் பகற் பள்ளியும் வளர்ந்தோர்க்கு இரவுப் பள்ளியும் நடந்தன என்றும், அம்பேத்கரின் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் குறிப்பிடுகிறார். ஊர்ப் பள்ளியின் திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்ட சாதியின் பிள்ளை, பாசறைப் பள்ளியின் உள்ளே அமர்ந்தது. அம்பேத்கரின் பாட்டனார் மாலோஜி சக்பால் பம்பாய்ப் படையிற் பணியாற்றியவர். தந்தையார் ராம்ஜி சக்பால் சுபேதார் பதவி வரை உயர்ந்து, படைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1891 ஏப்ரல் 14-இல் அம்பேத்கர் பிறந்ததும் ஊரில் அன்று. மாவ் என்னும் பாசறை நகரில். ஆங்கிலமும் கணக்கும் மராத்தியும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு தகப்பன், அக்காலத்துத் தீண்டத்தகாத குடும்பத்தில் வேறெங்கிருந்து வந்திருக்க முடியும்?

அந்தக் குழந்தை பிறந்த அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் வாசல் அடைக்கப்பட்டது. 1892-93 அளவில் மகர்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 'போர்க்குணமுடைய இனங்கள்' என்று சிலரை மட்டும் பிரித்துச் சொல்லும் கொள்கை அப்போது செல்வாக்கடைந்திருந்தது. வடமேற்கில் பிறந்தவனே வீரன், தென்னாட்டான் சோர்ந்துபோனவன் என்பது அதன் சாரம். இக்கொள்கையைப் பரப்பியவருள் முதன்மையானவர் ராபர்ட்ஸ் பிரபு. அவர் 1881 முதல் 1885 வரை நம் சென்னைப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்குத் தலைமை தாங்கியவர். தென்னாட்டுப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. ஒரு கையெழுத்தில் எத்தனை குடும்பங்களின் அடுப்பும் எத்தனை பிள்ளைகளின் படிப்பும் அணைந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை.

அடைத்த வாசலைத் தட்டியவர்கள் ஓய்வு பெற்ற சிப்பாய்களே. முன்னாள் படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894-இல் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். புனேயைச் சேர்ந்த சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சருக்கே மனு அனுப்பினார். இவ்விண்ணப்பங்களின் அடிப்படை என்ன? எங்கள் பாட்டன்மார் போரிட்டார்கள், இறந்தார்கள், அவர்கள் பெயர் எழுத்தில் இருக்கிறது என்பதே. கோரேகான் தூண் அங்கே ஒரு சாட்சி ஆயிற்று. கம்பெனியான் தன் வெற்றிக்கு நட்ட கல்லை, இவர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாகத் திருப்பி நிறுத்தினார்கள்.

முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் போர்க்குணக் கொள்கை சற்றே மறந்துபோயிற்று. 1917-இல் 111-ஆம் மகர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்து தேவை தீர்ந்ததும் 1921-இல் கலைக்கப்பட்டது.

1927 ஜனவரி 1. அம்பேத்கர் கோரேகான் வந்தார். காம்ப்ளே முதலியோர் கூட்டிய கூட்டத்தில் தூணின் முன்னே பேசினார். அதன்பின் மூன்று மாதம் ஆகுமுன், மார்ச் 20-ஆம் நாள், மகத் நகரில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார், ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். இவ்விரண்டு நாள்களையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது நமக்கு. மகத்தில் திரண்டவருள் ஓய்வு பெற்ற படைவீரர் பலர் இருந்தனர். கட்டளைக்குக் காத்து அணிவகுத்து நடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1941-இல் மகர் ரெஜிமெண்ட் மீண்டும் அமைந்தது. அப்போது பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். அப்படைப்பிரிவின் தொப்பிச் சின்னத்தில் முதலில் இருந்தது கோரேகான் தூண்தான். பின்னாளில் அது நீக்கப்பட்டுக் குத்துவாள் இடம்பெற்றது. சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதிகளாக இருந்த கிருஷ்ண ராவ், சுந்தர்ஜி இருவரும் அதிகாரிகளாக முதலில் அடியெடுத்து வைத்தது இந்த மகர் ரெஜிமெண்டிலேயே. சுந்தர்ஜி நம் செங்கற்பட்டில் பிறந்தவர்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் இலட்சக்கணக்கானோர் தூணுக்குச் செல்கின்றனர். பெரும்பாலோர் எளியவர்கள், கட்டுச்சோறு கொண்டு வருபவர்கள். 2018-இல் இருநூறாம் ஆண்டு நாளன்று அங்கே வன்முறை மூண்டது. ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கிற் சிறைப்பட்டோருள் திருச்சி மாவட்டத்திற் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியும் ஒருவர். விசாரணை தொடங்குமுன்னரே 2021 ஜூலை 5-இல், 84-ஆம் வயதில், காவலில் இருந்தபடியே மறைந்தார். ஒரு பழைய கல்லைப் பார்க்கப் போவது இன்றும் சிலருக்குப் பொறுக்கவில்லை என்பதற்குமேல் இங்கு நாம் விரிக்கவில்லை.

1821-இல் சிப்பாயின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள், நூறாண்டு கழித்து என்ன செய்தார்கள்? முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில், இன்றைய ஈராக்கில், இறந்தோர்க்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் பெயருடன் பொறிக்கப்பட்டனர். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றச் சிப்பாய்கள் படைப்பிரிவும் எண்ணிக்கையுமாக நின்றார்கள். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வேற்றுமையை ஒப்புக்கொண்டது. ஆசியரும் ஆப்பிரிக்கருமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயரின்றியோ, நினைவே இன்றியோ விடப்பட்டனர் என்கிறது அவ்வறிக்கை. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் அக்காலத்துச் சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. நம் மாநிலத்திலும் சில ஊர்களில் அவற்றைக் காணலாம். இவ்வூரிலிருந்து 1914 - 1919 பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை இருக்கும். பெயர் இராது. பிரெஞ்சுச் சிற்றூரின் கல்லையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

படையோடு சென்ற சமையற்காரர், தோட்டி, தண்ணீர் சுமப்போர், கோவேறு கழுதை ஓட்டுவோர் நிலை இதனினும் கீழ். ஆயினும் ஒரு விலக்கு உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்பது ஒரு சிற்றூர். காயமுற்ற இந்திய வீரர்களுக்காக அங்கே லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை நடந்தது. அதில் துப்புரவுப் பணி செய்த சுகா என்பவர் 1915 ஜனவரியில் இறந்தார். வயது 30. தாழ்ந்த சாதியான் என்று இந்துக்கள் எரியூட்ட ஒப்பவில்லை, தம் சமயத்தவன் அல்லன் என்று முஸ்லிம்களின் இடுகாட்டிலும் இடமில்லை என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊர்ப் பாதிரியார் தம் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் இடங்கொடுத்தார். ஊரார் பணந்திரட்டிக் கல் நாட்டினார்கள். நாடும் வீடும் நண்பரும் துறந்து வந்து, போரிற் காயமுற்றோர் மருத்துவமனையில் எளிய பணியாளாய் இருந்தவர், கிறித்தவர் அல்லர், எனினும் பிறர் நலத்துக்காக உயிர் கொடுத்தவர் என்ற கருத்தில் அக்கல்லில் எழுதியிருக்கிறது. பெயர் இருக்கிறது. ஒரு தோட்டியின் பெயர் கல்லில் ஏற ஆறாயிரம் மைல் கடக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைப் படையில் தொடக்க நாள் முதலே பறையர் குலத்தார் பெருந்தொகையினராய் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்ஸ் படையில் பாலம் கட்டியதும் சுரங்கம் வெட்டியதும் இவர்கள் கைகளே. அப்படையினரைத் 'தம்பிகள்' என்று அழைப்பது இன்றும் வழக்கம். பாதை போட்டுப் போரிட்ட பயனீர் பட்டாளங்கள் 1933-இற் கலைக்கப்பட்டன. இவர்களுக்குக் கோரேகான் போல ஒரு தூண் இல்லை. ஆனால் நம் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் சில பொருள்கள் இருக்கின்றன. வெள்ளி விழாவையொட்டிச் சங்க நூலகத்தில் அவற்றைக் குறித்துவைக்க ஓர் ஏடு திறக்கலாம் என்பது நம் வேண்டுகோள். பொருளை யாரும் கொடுத்துவிட வேண்டியதில்லை; காட்டினாற் போதும், எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

பணி விடுவிப்புச் சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டுத்தாள் போட வேண்டா. ஓய்வூதியப் புத்தகம், பழைய நிழற்படம், சிப்பாய் தாத்தா என்று வீட்டிற் சொல்லப்படும் கதை, எதுவாயினும் சரி. பதக்கம் இருந்தால் அதைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் போரிட்டவர்களுக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினர்க்கும் படையோடு சென்ற பணியாளர்க்கும் வெண்கலத்திலும் வார்க்கப்பட்டது. வெண்கலம் என்பதால் செப்புக் காசு என்றெண்ணிப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்த வீடுகள் உண்டு. முகப்பில் இருப்பது அரசரின் தலை. அது நமக்கு வேண்டியதன்று. பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் விளிம்பை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளிற் சுற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்திருந்தால் எழுத்தறிந்த பிள்ளைகளை விட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். கொண்டு வருமுன் பளபளப்பாக இருக்கட்டும் என்று தாய்மார்கள் அதைப் புளியோ சாம்பலோ போட்டுத் துலக்க வேண்டா. விளிம்பில் உள்ள எழுத்துதான் முதலில் அழியும்.